கங்காணிக்கு ஒரு காசு

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் கணவனின் மனசு மாற எங்காவது போய்வரலாம் என்று என் தங்கை வசந்தா முடிவு செய்தாள். நல்ல முடிவு. அதற்கு அவள் தேர்ந்தெடுத்த இடம், மொத்த ஊருக்கும் ஒரே நேரத்தில் வேலை போய், ஜனங்கள் காலி செய்துவிட்டு நடையைக் கட்டிய ஒரு சுரங்க ஊர். டெக்சாஸின் மேற்கு மூலையில், பாலைவனத்தில் இருக்கிறது. “போட்டோ எல்லாம் சூப்பரா இருக்குக்கா” என்றாள்.

நான் டெக்சாஸின் நடுவே ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து, வாஷிங் மெஷின், டிஷ்வாஷர், மைக்ரோவேவ் மூன்றும் தனித்தனியாகக் கூவுவதைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டிருந்த நேரம். சென்னையில் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். அதில் விருப்பம் யாருடையது என்று கேட்கக்கூடாது. எங்கள் ஆபீஸில் யாரையும் ‘வெளியே போ’ என்று சொல்ல மாட்டார்கள். நின்றுபோன ஃபேனை ரிப்பேர் செய்யாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஃபேன் நன்றாகச் சுற்றும்போதே அனுப்பிவிடுகிறார்கள். வசந்தாவின் கணவர் சுந்தர் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீட். ‘சில கடினமான முடிவுகள்’ என்று மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. வேலை போகப்போவது யார் யாருக்கு என்பது திங்கட்கிழமை தெரியும். சுந்தர் இருப்பது வேலை விசாவில். கிரீன் கார்டு வரிசையில் நின்று நின்று தலைமுடி போனதுதான் மிச்சம். வேலை போனால் சீக்கிரமே இன்னொன்று கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அந்த வீட்டில் அமெரிக்கப் பிரஜை என்று சொல்ல ஒரே ஓர் ஆள்தான், இங்கேயே பிறந்த மகள் நிலா. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அந்த உரிமை அவள் பேச்சிலும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். கூடவே முரளி. சுந்தரின் டீமிலேயே வேலை பார்ப்பவர். வயதில் மூத்தவர், ஆனால் சுந்தரின் கீழே. சுந்தரை இந்தக் கம்பெனிக்குச் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்தவரும் இவர்தான், காலி பார்க்கிங் லாட்டில் வைத்து கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான். மனைவி ஆஸ்பத்திரி வேலையில், மகன் ஏதோ கணக்குப் போட்டியில். “வீட்ல தனியா இருந்தா லேப்டாப்பையேதான் முறைச்சுப் பாத்துட்டு இருப்பேன். நானும் வரேன்” என்று சொல்லி டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார். அவருக்கும் அதே விசா, அதே வரிசை, அதே திங்கட்கிழமை.

வண்டியின் பின்புறத்தில் வசந்தா ஏற்றியது: ஒரு டப்பா புளியோதரை, ஒரு டப்பா தயிர்சாதம், மாவடு, முறுக்கு, எலெக்ட்ரிக் குக்கர், தண்ணீர் பாட்டில்கள். காலி ஊரைப் பார்க்கப் போகிறோமா, குடியேறப் போகிறோமா என்று கேட்டேன். “வழியில வெஜிடேரியன் ஒண்ணும் கிடைக்காதுக்கா” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். மத்தியானம் காப்பிக்காக நிறுத்திய கடையில் பச்சைக் காய்கறி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண் பரிவோடு யோசித்து, “பீன்ஸ் இருக்கு, அதுல கொஞ்சூண்டு பன்றிதான் போட்டிருக்கோம்” என்றாள். பக்கத்து மேஜையில் இரண்டு தொப்பிக்காரப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மழை வரும்ங்கிறாங்க.”

“யாரு?”

“டிவியில ஒருத்தன்.”

“அப்ப டிவியில பெய்யட்டும்.”

எனக்கு அந்த இருவரையும் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்கு மேல் மேற்கே போகப் போக மரங்கள் குட்டையாகி, இலைகள் சின்னதாகி, கடைசியில் முள் மட்டும் மிஞ்சியது. பார்த்தால் நம்ம சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட தம்பி. ராமநாதபுரம் பார்க்கவா இவ்வளவு தூரம் பறந்து வந்தேன் என்று தோன்றிவிட்டது. நம் ஊரில் அதை வேரோடு பிடுங்கச் சொல்லி வழக்குப் போடுகிறோம். இங்கே அதன் கட்டையை அழகான பையில் போட்டு, கறி சுட நல்ல வாசனை என்று விற்கிறார்கள். சந்தைப்படுத்தத் தெரியவில்லை நமக்கு.

சாயங்கால வாக்கில் டயரில் காற்று குறைவு என்று வண்டியின் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு பெட்ரோல் பங்க், அதன் ஓரத்தில் துருப்பிடித்த காற்று மிஷின். கார்டு செல்லாது, கால் டாலர் நாணயம் மட்டும்தான் தின்னும். “யார்கிட்டயாவது குவார்ட்டர் இருக்கா?” என்று முரளி சத்தமாகக் கேட்டார். நம் ஊரில் பட்டப்பகலில் பெண்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இப்படிக் கேட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சுந்தர் பாக்கெட்டைத் தட்டிப்பார்த்து, “காசா? நான் காசைப் பாத்தே பல வருஷம் ஆச்சு முரளி” என்றார். கடைசியில் முரளியே தன் பையிலிருந்து ஒரு சின்ன சுருக்குப் பையை எடுத்தார். துணி துவைக்கும் மிஷினில் காசு போட்ட பேச்சிலர் காலத்துப் பழக்கமாம். டயர் நிரம்புவதற்குள் மிஷின் இரண்டு நாணயத்தைத் தின்றுவிட்டது. “இன்னும் ரெண்டு இருக்கு, திரும்பி வரும்போது ஆகும்” என்று பையைச் சுருக்கிக்கொண்டார்.

தங்கிய இடத்தில் வசந்தா ரசத்துக்குத் தாளித்தாள். புகை அலாரம் அலறி, மானேஜர் ஓடிவந்தார். பெருங்காய வாசனையை முகர்ந்து பார்த்து, “ஏதாவது ஒயர் கருகுதா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்களில் யாரும் அந்த ரசத்தை மனசாரச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை ஊருக்குள் போனோம். மலையின் சிவப்பைச் சொல்லும் ஸ்பானிஷ் பெயர் அதற்கு. எங்கள் வண்டியில் ஆளுக்கொரு விதமாக உச்சரித்தோம், நிலா எல்லோரையும் திருத்தினாள். எனக்கு நாக்கு வசப்படவில்லை, அதனால் இங்கே செம்மலை என்றே எழுதுகிறேன்.

பேய் ஊர் என்கிறார்கள். பேயைப் பார்க்க டிக்கெட் உண்டு. கூரையில்லாத மண் சுவர் வீடுகள் சரிவு முழுக்க நின்றன, கதவிருந்த இடத்தில் ஓட்டை, ஜன்னலிருந்த இடத்தில் ஓட்டை. இவற்றில் சில வீடுகளுக்கு மட்டும் கூரை போட்டு, ஏசி மாட்டி, வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு காலத்தில் ஒரு குடும்பமே நெருக்கியடித்துப் படுத்த அறையில் இப்போது நகரத்திலிருந்து வரும் தம்பதிகள் ‘எளிமையை’ அனுபவிக்கிறார்கள். எளிமைக்கான வாடகையைக் கேட்டு நான் தண்ணீர் குடித்தேன்.

டிக்கெட் கொடுத்தவர் ரோசா. அறுபதைத் தாண்டியவர், மெக்சிகோ வம்சம், உதட்டுச் சாயமும் கேலியும் கலையாத முகம். பழைய கம்பெனிக் கடையையே மியூசியமாக்கி, அதற்குள் டி-ஷர்ட் கடையும் வைத்திருந்தார். ‘செம்மலையில் நான் உயிர் பிழைத்தேன்’ என்று ஒரு சட்டை. “நல்லா விக்குது. என் தாத்தா சைஸ்ல மட்டும்தான் வரல. அவர் பிழைக்கல” என்றார்.

ஊரின் கதையைச் சொன்னவரும் அவர்தான். மலையில் சிவப்புக் கல் கிடைத்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்பார்களே, அதே கல். அதை உலையில் போட்டுச் சுட்டால் ஆவி எழும், ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம். உலகத்தில் சண்டை நடந்த காலத்தில் வெடிகுண்டுக்குப் பாதரசம் தேவைப்பட்டது. விலை ஏறியது, ஊரும் ஏறியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ, அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். வீடு கம்பெனி வீடு. தண்ணீர் கம்பெனித் தண்ணீர். கடை கம்பெனிக் கடை, அங்கே பணத்துக்குப் பதில் செல்லுவது கம்பெனிச் சீட்டு. பல் ஆடினால் பார்க்கக் கம்பெனி டாக்டர். உலையடியில் வேலை பார்த்தவர்களுக்குப் பல் ஆடிக்கொண்டேதான் இருந்ததாம், பாதரச ஆவியின் உபயம்.

“எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கே. எங்களுக்கும் ஸ்நாக்ஸ், ஜிம், டாக்டர் எல்லாம் உள்ளயே” என்றார் முரளி.

“பல்?” என்று கேட்டேன்.

“டென்டல் இன்சூரன்ஸும் இருக்குக்கா.”

சண்டை முடிந்தது. விலை விழுந்தது. சுரங்கத்தில் தண்ணீர் வேறு புகுந்தது. ஒரு நாள் எல்லோரையும் கடை வாசலுக்கு வரச்சொல்லி, பெயர் பெயராகப் படித்தார்கள். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை, ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. போகிறவர்கள் கூரை மரத்தையாவது உருவிக்கொண்டு போனார்கள். அதனால்தான் எந்த வீட்டுக்கும் கூரை இல்லை.

“வேலை போச்சுன்னா ஊரை விட்டே போகணுமா? ரொம்ப அநியாயம்” என்று நிலா ஆங்கிலத்தில் சொன்னாள். பெரியவர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு ஓட்டை ஜன்னலைப் பார்த்தோம்.

கொஞ்ச நேரத்தில் வசந்தாவைக் காணோம். தேடிப்போனால், கல்லறைகள் பக்கம், ஒரு கருவேல மரத்தடியில் கைகூப்பி நிற்கிறாள். எதிரே இடுப்புயரக் கல் ஒன்று, சுற்றிலும் இரும்புக் கம்பி. கல்லின் மேல் செக்கச்செவேலென்று பொடி படிந்திருந்தது. அடியில் உருகிய மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பூ, குவியலாகச் சில்லறை. நியாயமாகச் சொன்னால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மரத்தடி, குங்குமம் போட்ட கல், காசு. தாம்பரத்திலிருந்து தூத்துக்குடி வரை எந்தத் தமிழச்சி பார்த்தாலும் காவல் தெய்வம் என்றுதான் சொல்வாள், ஒரு கும்பிடு போடாமல் நகரவும் மாட்டாள்.

வசந்தா கும்பிடோடு நிற்கிறவளா? கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தாள். அது எதற்குக் கைப்பையில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கற்பூரம் எடுத்தபோது முரளி ஓடிவந்து, “இங்க நெருப்பு வைக்கக் கூடாதுங்க, போர்டு போட்டிருக்கான், உள்ள வெச்சிருவான்” என்று தடுத்தார். கற்பூரத்தை ஏற்றாமலே வைத்தாள். புளியோதரையும் ஒரு கரண்டி. பிறகு கண்ணை மூடி, “சாமி, இவர் வேலை நிக்கணும். நின்னா குடும்பத்தோட வந்து உனக்குப் பொங்கல் வைக்கிறேன்” என்று எங்கள் காதில் விழும்படியே வேண்டிக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த ரோசா எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், புளியோதரையைப் பார்த்தார். “இவனுக்கு யார் சாப்பாடு வெச்சது?”

சாமிக்குத்தான் என்றேன்.

ரோசா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது சாமி இல்லை. சுரங்கத்தின் மேஸ்திரியுடைய கல்லறை. மேஸ்திரி என்று சொன்னால் போதாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஆள் பிடித்து வந்தவர், தினமும் தலை எண்ணியவர், கூலி நாளில் ஒவ்வொருத்தர் கையிலிருந்தும் ஒரு காசைத் தன் பெட்டியில் தள்ளிக்கொண்டவர். இதற்கென்று கங்காணி என்ற சொல்லை நாம் வைத்திருக்கிறோம். கடை வாசலில் பெயர் படித்து எல்லோரையும் அனுப்பியதும் இந்தக் கங்காணிதான். அவரை மட்டும் கம்பெனி வேலையில் வைத்துக்கொண்டது, காலி ஊரைக் காவல் காக்க. ஆளில்லாத ஊரில் தனியாகக் கிடந்து செத்தார். ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வந்து புதைத்தார்களாம். சிவப்புப் பொடி குங்குமம் இல்லை, மலைத்தூசி.

“அப்ப காசு எதுக்கு?” என்று கேட்டேன்.

“‘இந்தா உன் கமிஷன், எந்திரிக்காதே’ன்னு போடுறோம். எங்க அம்மா போட்டாங்க, நான் போடுறேன். காசு குறைஞ்சா எந்திரிச்சு வந்து மறுபடி பேர் படிப்பான்.”

வசந்தாவின் முகம் வெளிறிவிட்டது. முரளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஏங்க, லே-ஆஃப் பண்றவன்கிட்டயே போய் வேலை நிக்கணும்னு கேட்டிருக்கீங்க. கரெக்டான டிபார்ட்மென்ட்தான்!”

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சுந்தர் எழுந்து மேட்டைப் பார்த்து நடந்தார். அங்கே சுரங்க முதலாளியின் மாளிகை, பாதி இடிந்து நிற்கிறது. ஊரிலேயே போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதன் வராந்தா. முதலாளிக்கு மட்டும் அப்போது காற்று வந்தது, இப்போது சிக்னல் வருகிறது. காலையில் பார்த்தபோது எங்களைப் போலவே நாலைந்து பேர் அங்கே போனை வானத்துக்குக் காட்டியபடி, அபிஷேகத்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். இப்போது யாருமில்லை. வராந்தாவிலிருந்து ஊரைப் பார்க்கலாமே என்று நானும் பின்னால் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சுந்தர் போனில் மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு என்ன பேச்சு, “எஸ்”, “ஷ்யூர்”, “அண்டர்ஸ்டுட்” மூன்றும்தான். போனை வைத்துவிட்டு இடிந்த படியில் உட்கார்ந்தார்.

“நான் இருக்கேன்க்கா” என்றார்.

“அப்பாடா! வசந்தாகிட்ட சொல்லுங்க முதல்ல. அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி?”

“திங்கக்கிழமை என் டீம்ல போறவங்களுக்கு நான்தான் சொல்லணுமாம். ஸ்கிரிப்ட் அனுப்புவாங்க. அதைப் படிக்கணும், வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது.” கீழே பார்த்தார். கீழே முரளி நிலாவுக்கு ஒரு பல்லியைக் காட்டிக்கொண்டிருந்தார். “மூணு பேர். முதல் பேரு முரளி.”

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி மேலா, சுந்தர் மேலா, பல்லி காட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் மேலா என்று புரியவில்லை. “இப்பவே சொல்லிடுங்க சுந்தர். ரெண்டு நாளாவது முன்னாடி தெரியட்டும்” என்றேன்.

“முன்னாடி சொன்னா என் வேலையும் போயிடும்க்கா. அதையும் சொன்னாங்க.”

அவர் வேலை என்றால் என் தங்கையின் வீடு, நிலாவின் பள்ளிக்கூடம். நியாயம் பேச எனக்கு வாய் நீளம்தான். ஆனால் அது தங்கை வீட்டு வாசல் வரைதான் நீளும் என்று அந்த வராந்தாவில் தெரிந்துகொண்டேன். இருவரும் இறங்கினோம்.

சுந்தர் வசந்தாவைத் தனியே கூப்பிட்டு, தன் வேலை நிற்கும் என்பதை மட்டும்தான் சொன்னார். வசந்தாவிடம் தனியே சொல்வது என்று ஒன்று உண்டா? “சாமி கேட்டுடுச்சு!” என்று கத்தினாள். “கங்காணியோ எவனோ, கேட்டதைக் குடுத்துட்டான்!”

முரளி ஓடிவந்து சுந்தரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொய்யில்லாத சந்தோஷம் அது. “சூப்பர்ப்பா! லீட் சேஃப்னா டீம் சேஃப். டீம் இல்லாம லீட் எதுக்கு?” பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, “என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?” என்றார்.

“திங்கக்கிழமைதான் முரளி” என்றார் சுந்தர். அது பொய் இல்லை. அதனால் இன்னும் கேவலமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் முரளி வண்டியை மறுபடி கல்லறைப் பக்கம் திருப்பினார். “வேண்டாம், லேட் ஆகுது” என்றார் சுந்தர். முரளி கேட்கவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து, மிச்சமிருந்த இரண்டு நாணயத்தையும் எடுத்து, ஒன்றைச் சுந்தரின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. திங்கக்கிழமை வரைக்கும் அவன் எந்திரிக்காம படுத்திருக்கணும். வா, கமிஷன் குடுத்துட்டு வந்துருவோம்.”

வசந்தாவின் எலுமிச்சம்பழத்தை ஏதோ பிராணி கடித்துப் போட்டிருந்தது. புளியோதரை சுத்தமாகக் காலி. கங்காணிக்குப் பிடித்திருக்கிறது என்று முரளி சொன்னார். தன் காசைப் போட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, நிலாவை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு வந்தார். சுந்தர் மட்டும் கம்பியருகே குனிந்து நின்றார். வர நேரமாயிற்று. “பாருங்க, இவனுக்குத்தான் பக்தி ஜாஸ்தி” என்று முரளி ஹாரன் அடித்தார்.

வடக்கே கொஞ்ச தூரம் போனதும் எல்லைக் காவல்காரர்களின் சோதனைச் சாவடி. பச்சைச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் குனிந்து, எல்லோரும் அமெரிக்கர்களா என்று கேட்டார். “நான் மட்டும்” என்று பின்சீட்டிலிருந்து நிலா கை தூக்கினாள். நான் என் விசிட்டர் விசாவைக் கொடுத்தேன். முரளி தன் பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் உறை போட்ட ஃபைலில் வைத்திருந்தார், ஓரம்கூட மடங்காமல்.

“எங்கே வேலை?” என்று கேட்டார் இளைஞர்.

முரளி கம்பெனியின் பெயரைச் சொன்னார். சொன்னபோது முதுகு நிமிர்ந்தது. “ரவுண்ட் ராக்லதான். ரொம்ப வருஷமா” என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். இளைஞருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. “நல்ல கம்பெனி. என் முதல் கம்ப்யூட்டர் அவங்களுதுதான்” என்று புன்னகைத்துக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். நான் சுந்தரைப் பார்த்தேன். முன்சீட்டில் அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, முள்தான்.

அங்கிருந்து வசந்தா பொங்கல் வைக்க எப்போது திரும்பி வரலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். முரளியும் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். “எனக்கும் ஓகேன்னா நான் சர்க்கரைப் பொங்கல்” என்றார். வெண்பொங்கலா, சர்க்கரைப் பொங்கலா என்று நிலாவைத் தவிர எல்லோரையும் கேட்டாள் வசந்தா. நான் வெண்பொங்கல் என்றேன், வாயில் ஏதாவது வரவேண்டுமே என்று.

வந்தபோது எரிந்த அதே மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அதே பங்க்குக்கே வந்து சேர்ந்தோம், அதே துருப்பிடித்த மிஷின். முரளி இறங்கி, பழக்கதோஷத்தில் சுருக்குப் பையை எடுத்தார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டார். “அடச்சே, கடைசிக் காசைக் கங்காணிக்குப் போட்டாச்சே! யார்கிட்டயாவது குவார்ட்டர் இருக்கா?”

நான் கைப்பையைத் துழாவினேன். அதில் ஒரு பத்து ரூபாய் நாணயம்தான் இருந்தது. கடையில் நோட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று வசந்தா கதவைத் திறந்தாள்.

அதற்குள் சுந்தர் இறங்கி மிஷின் பக்கம் போனார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, ஒரு நாணயத்தை எடுத்து முரளியிடம் நீட்டினார். மறந்துபோய் நீட்டினாரா, வேண்டுமென்றே நீட்டினாரா என்று நான் இன்றுவரை அவரைக் கேட்கவில்லை.

முரளி அதை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் பார்த்தார். சிவப்புத் தூசி அப்பியிருந்தது. காசைப் பார்த்தே பல வருஷம் ஆயிற்று என்று சொன்ன மனிதரின் கையிலிருந்து வந்த காசு, கங்காணிக்குப் போடச் சொல்லி முரளியே கொடுத்த காசு. முரளி சுந்தரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சுந்தர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் அவருக்கு உத்தரவு.

பின்னாலிருந்து வசந்தா, “கிடைச்சுதா? அப்ப நான் போகலை” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

முரளி நாணயத்தை மிஷினில் போட்டார். அது உறுமத் தொடங்கியது. குழாயை இழுத்து, டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூடியைக் கழற்றி, காற்றை ஏற்றினார். திறந்திருந்த ஜன்னல் வழியே எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

“காலையிலயா, மத்தியானமா?”

சுந்தர் குழாயின் சிக்கலைப் பிரித்துவிட்டார்.

“காலையிலன்னா பையனை ஸ்கூல்ல விட்டுட்டு வரணும். அதான் கேக்கறேன்.”

“மத்தியானம்” என்றார் சுந்தர்.

முரளி தலையாட்டினார். ஒரு நாணயத்துக்கு அரை டயர் காற்றுதான் வந்தது. மூடியைத் திருகி மாட்டி, கையிலிருந்த சிவப்பைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுந்தர் டிரைவர் சீட்டுப் பக்கம் போனார். “நான் ஓட்டறேன் முரளி, நீங்க கொஞ்சம் படுங்க” என்றார். முரளி சாவியைக் கொடுக்கவில்லை.

“நீ படிக்க வேண்டியது இருக்கும்ல, அதைப் படி” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வீடு வரைக்கும் அவர்தான் ஓட்டினார்.